சாதாரணப் பயனர் கணக்கிலேயே பாக்கெட் பிடிக்க முடிகிறதா? லினக்ஸ் அனுமதிப் பிழையை அறிகுறி வைத்து நீக்கும் முறை

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாங்கூழ் ஆலையில், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்திறங்கும் ஜூன் மாதத்தில், எடைமேடையில் பதிவான ஒரு லோடின் எடை இரவு ஒன்பதே முக்கால் மணிக்குத் திருத்தப்பட்டிருந்தது. திருத்தம் எடைமேடை ஊழியரின் பெயரில் இருந்தது. அவரோ ஏழு மணிக்கே காவேரிப்பட்டணம் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டவர். "பாஸ்வேர்டை யாருக்கும் சொன்னதில்லைங்க சார், எங்கேயும் எழுதியும் வைக்கலைங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) கணினியில், வலையமைப்பில் போய்வரும் தரவுத் துணுக்குகளான பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற நிரல் நிறுவப்பட்டிருந்தது. அந்தக் கணினியில் லாகின் செய்யும் எவரும், நிர்வாகி உரிமை இல்லாமலே, அதற்கு வந்துபோகும் எல்லாப் பாக்கெட்டுகளையும் பார்க்க முடிந்தது. எடைமேடையிலிருந்து வரும் நுழைவுப் பக்கம் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கம் இல்லாத பழைய பக்கம் என்பதால், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அடுத்தடுத்த இரண்டு சொற்களாக அப்படியே திரையில் தெரிந்தன. திருத்தியவர் யார் என்பது ஆலையின் விவகாரம். வழி எப்படித் திறந்தது, அதை எப்படி அடைப்பது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பு முறையில் தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இட வேண்டும்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. வலையமைப்பு அட்டையில் வரும் பாக்கெட்டை அப்படியே படிக்க வேண்டுமானால் ஒரு நிரல் 'பாக்கெட் சாக்கெட்' ஒன்றைத் திறக்க வேண்டும். அதைத் திறக்க லினக்ஸின் மையக்கருவான கெர்னல் 'கேப் நெட் ரா' என்ற சிறப்புரிமையைக் கேட்கும். முன்பெல்லாம் இதற்கு நிரலையே ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில், ஓடவிட வேண்டியிருந்தது. 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலிலிருந்து, இந்தச் சிறப்புரிமையை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு கோப்பின் மீது ஒட்டிவைக்கும் வசதி வந்தது. வசதி நல்லதுதான். ஆனால் சிறப்புரிமை ஒட்டியிருப்பது கோப்பின் மீது. ஆளின் மீது அல்ல. அந்தக் கோப்பை யாரெல்லாம் இயக்கலாமோ அவர்கள் எல்லோருக்கும் அது கைமாறிவிடுகிறது. நான் இதுவரை பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு புள்ளியை மறந்ததால் வந்தவையே. இயங்குதளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

சோதனைக்கு முதலில் எந்தக் கூடுதல் குழுவிலும் சேராத ஒரு புதிய பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள். நிர்வாகி கணக்கிலிருந்து சோதித்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழும்புவது வீண்வேலை. புதிய கணக்கில் நுழைந்து பாக்கெட் பிடிக்கும் கட்டளையான டிசிபிடம்ப், வயர்ஷார்க்குக்காகப் பிடித்துத் தரும் டம்ப்கேப் ஆகிய இரண்டையும் தனித்தனியே ஐந்தே ஐந்து பாக்கெட்டுகள் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். வலையமைப்பு இடைமுகங்களின் பட்டியல் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பட்டியலைப் பார்ப்பதற்குச் சிறப்புரிமை தேவைப்படாத பதிப்புகள் உண்டு. பாக்கெட் உண்மையாகவே வருகிறதா என்பதுதான் கேள்வி.

மறுப்புச் செய்தி வந்தாலும் அதன் சொற்களைக் கவனியுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்று, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லே சொன்னால், அந்த நிரலை இயக்கும் உரிமையே உங்களுக்கு இல்லை. கோப்பின் அனுமதி எண் தடுத்துவிட்டது. 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வந்தால், நிரல் ஓடியது, சாக்கெட்டைத் திறக்கப் போன இடத்தில் கெர்னல் தடுத்தது. இரண்டும் பாதுகாப்பான நிலைகளே. ஆனால் முதலாவது, யாரோ திட்டமிட்டுக் குழு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பதற்கும், இரண்டாவது, யாரும் எதையும் தொடவில்லை என்பதற்கும் பெரும்பாலும் அடையாளம்.

அறிகுறி: புதிய கணக்கிலும் டம்ப்கேப் பாக்கெட் பிடிக்கிறது

ஆலையில் கண்டது இதுதான். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் வயர்ஷார்க்கை நிறுவும்போது, நிர்வாகி அல்லாதவர்கள் பாக்கெட் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும்; இயல்பான விடை 'இல்லை'. அந்த நிலையில் டம்ப்கேப் கோப்பு 755 என்ற அனுமதியோடு (மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கு; ஒவ்வொன்றும் 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க என்பவற்றின் கூட்டல்), சிறப்புரிமை எதுவும் இல்லாமல் இருக்கும். யார் வேண்டுமானாலும் இயக்கலாம், யாராலும் பிடிக்க முடியாது. பிறகு ஒரு நாள் யாருக்கோ அவசரம். கோப்பின் மீது சிறப்புரிமையை ஒட்டும் செட்கேப் கட்டளை வரியை இணையத்தில் எங்கோ கண்டு, ரூட்டாக அப்படியே ஒட்டிவிடுகிறார். 755 மாறவில்லை, சிறப்புரிமை மட்டும் சேர்ந்துவிட்டது. அந்த நொடி முதல் கணினியில் கணக்குள்ள அத்தனை பேரும் ஒட்டுக்கேட்கலாம்.

எல்எஸ் கட்டளையை நீண்ட வடிவில் ஓட்டி டம்ப்கேப்பின் உரிமையாளர், குழு, அனுமதி மூன்றையும் பாருங்கள். அதே கோப்பின் மீது கெட்கேப் ஓட்டிச் சிறப்புரிமையையும் பாருங்கள். உரிமையாளர் ரூட், குழு ரூட், அனுமதி 755, கூடவே கேப் நெட் ரா என்று நான்கும் சேர்ந்து தெரிந்தால் நோய் உறுதி.

மருந்து எளிது: டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை வயர்ஷார்க்-காமன் பொதியின் மீது ஓட்டுங்கள். நிறுவும்போது வந்த அதே கேள்வி வரும்; அதற்கு 'ஆம்' என்று விடை சொன்னால், வயர்ஷார்க் என்ற குழு உருவாகி, டம்ப்கேப் அந்தக் குழுவுக்கு மாற்றப்பட்டு, அனுமதி 754 ஆகிவிடும். குழுவுக்கு வெளியே இருப்பவர் அதை இயக்கவே முடியாது. 'ஆம்' என்று சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. கேள்வியைப் பார்த்தால் கதவைத் திறப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் கையால் செட்கேப் போட்டு வைத்திருக்கும் கணினியில் அதுதான் கதவை மூடுகிற விடை. யாருக்குமே தேவையில்லை என்றால் செட்கேப்பை ஆர் விருப்பத்தோடு ஓட்டிச் சிறப்புரிமையை நீக்கிவிடுங்கள். நீக்கியபின் கெட்கேப் வெறுமையாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

வேறு லினக்ஸ் வகைகளில் கையாலேயே செய்ய வேண்டி வந்தால் வரிசை முக்கியம். முதலில் குழுவை மாற்ற வேண்டும், அடுத்து 750, கடைசியில்தான் செட்கேப். தலைகீழாகச் செய்தால், உரிமையாளரையோ குழுவையோ மாற்றும் அந்த நொடியில் கெர்னல் கோப்பின் சிறப்புரிமையைத் துடைத்துவிடும். "இப்போதுதானே போட்டேன்" என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். எனக்கு நேர்ந்திருக்கிறது.

அறிகுறி: டம்ப்கேப் சரியாக இருக்கிறது, ஆனாலும் யாரோ பிடிக்கிறார்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். ரூட்டாக இருந்து, கெட்கேப்பை ஆர் விருப்பத்தோடு மொத்தக் கோப்பு அமைப்பின் மீதும் ஓட்டுங்கள். வரும் பட்டியலைப் பார்த்துப் பதற வேண்டாம். உபுண்டுவில், தொடர்பைச் சோதிக்கும் பிங், எம்டிஆர்-பாக்கெட் ஆகியவற்றின் மீது கேப் நெட் ரா இருப்பது இயல்பு. அவை தம் வேலையை மட்டும் செய்துவிட்டு முடிந்துவிடும் சிறு நிரல்கள், பிறர் பாக்கெட்டைக் காட்டித் தருவதில்லை. அவற்றின் சிறப்புரிமையை நீக்கி, பிங் வேலை செய்யவில்லை என்று இன்னொரு புகாரைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

தேட வேண்டியது, எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஓட்டும் பொதுக் கருவிகளை. தருமபுரியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நான் கண்டது பைத்தான். பாக்கெட்டுகளைக் கையாளும் ஸ்கேப்பி என்ற பைத்தான் நூலகத்தை வைத்து மாணவர்கள் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ரூட் பாஸ்வேர்டு கேட்பது தொந்தரவு என்று யாரோ பைத்தான் மீதே சிறப்புரிமையை ஒட்டியிருக்கிறார். பைத்தான்3 என்ற பெயர் பெரும்பாலான கணினிகளில் ஒரு குறியீட்டு இணைப்பு மட்டுமே. அதன் மீது செட்கேப் ஒட்டாது, பிழை காட்டும். அவர் விடாமல் இணைப்பு சுட்டும் உண்மைக் கோப்பைத் தேடிப் பிடித்து ஒட்டியிருந்தார். எச்சரிக்கை மணி அடித்த இடத்தில் நின்று யோசிக்காமல் சுற்றுச்சுவரை ஏறிக் குதித்த கதை. அதன்பின் அந்தக் கணினியில் எவர் எழுதும் பத்து வரிப் பைத்தான் நிரலும் ஒட்டுக்கேட்கும் கருவியாகிவிட்டது.

இந்தப் பிழைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பைத்தான் பொதி மேம்படுத்தப்படும்போது பழைய கோப்பு போய்ப் புதிய கோப்பு வரும். ஒட்டியிருந்த சிறப்புரிமையும் போய்விடும். உடனே "நிரல் வேலை செய்யவில்லை" என்று ஒருவர் புகார் சொல்வார், இன்னொருவர் மீண்டும் ஒட்டுவார். கசிவு ஒரு மாதம் இருக்கிறது, அடுத்த மாதம் இல்லை என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஆய்வகத்தில் நிலைமை இன்னும் மோசம்: ஒரு கணினியைத் தயார் செய்து, அதன் வட்டுப் பிரதியையே மற்றவற்றில் ஏற்றியிருந்தார்கள். வட்டை அப்படியே பிரதியெடுத்தால் சிறப்புரிமையும் கூடவே வரும். ஆகவே கணினி கணினியாகத் துடைப்பதற்கு முன் மூலப் பிரதியைத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த செமஸ்டரில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

கெட்கேப் தூய்மையாக இருந்தால், அடுத்து செட்யூஐடி பிட் (யார் இயக்கினாலும் நிரலை அதன் உரிமையாளரின் உரிமையில் ஓடவைக்கும் குறி) உள்ள கோப்புகளை ஃபைண்ட் கொண்டு தேடுங்கள். அனுமதி 4000 என்று தேடல் நிபந்தனை கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை, ரூட் உரிமையில் கட்டளை ஓட்ட உதவும் சூடு, மவுண்ட் போன்றவை பட்டியலில் வருவது இயல்பு. டிசிபிடம்ப் அங்கே இருந்தால் இயல்பல்ல.

மூன்றாவது இடம் சூடு அமைப்புக் கோப்பு. பாஸ்வேர்டு கேட்காமல் டிசிபிடம்பை ரூட்டாக ஓட்டலாம் என்று ஒரு வரி எழுதிவைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் பாக்கெட் பார்க்கும் உரிமையைத்தான் கொடுத்தோம் என்று நினைக்கிறார்கள். டிசிபிடம்பில், பிடித்த கோப்பு சுழலும்போதெல்லாம் ஒரு நிரலை ஓட்டும் இசட் விருப்பம் உண்டு. எந்த நிபந்தனையும் இல்லாத சூடு வரியோடு அது சேர்ந்தால், வேறு காப்பு இல்லாத கணினியில் முழு ரூட் உரிமையே கையை விட்டுப் போகலாம். அந்த வரியை எடுத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டுமானால், விருப்பங்களையும் கோப்பின் இடத்தையும் நிலையாக எழுதிவைத்த ஒரு சிறு ஸ்கிரிப்டை ரூட் உரிமையில் வைத்து, அதை மட்டும் அனுமதியுங்கள்.

நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டாக்கர் மென்பொருளின் குழுவில் இருப்பவர் ரூட்டுக்குச் சமம் என்பதையும் மறக்க வேண்டாம். குழு உறுப்பினர் பட்டியலை ஒரு பார்வை பாருங்கள்.

அறிகுறி: குழுவிலிருந்து நீக்கியும் அவரால் பிடிக்க முடிகிறது

நீக்கியது உண்மை, முடிகிறது என்பதும் உண்மை. ஒருவர் லாகின் செய்யும் நேரத்தில் அவருடைய குழுப் பட்டியல் அந்த அமர்வோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னால் பட்டியலில் மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுக்கு அது தெரியாது. அவர் திரையில் ஐடி கட்டளையைப் பெயர் கொடுக்காமல் ஓட்டினால் அமர்வின் நிலை தெரியும், பெயர் கொடுத்து ஓட்டினால் தற்போதைய பட்டியல் தெரியும். இரண்டும் வேறாக இருந்தால் காரணம் இதுவே. டீமக்ஸ் போன்ற பின்னணி அமர்வுகள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், லாக்-அவுட் செய்யச் சொல்வதைவிட ஒரு முறை கணினியை மறுதொடக்கம் செய்வது நிச்சயமான வழி.

அறிகுறி: யாருக்கும் அனுமதி இல்லை, ஆனால் பிடிப்பு நடப்பதுபோல் இருக்கிறது

எஸ்எஸ் கட்டளையைப் பாக்கெட் சாக்கெட்டுகளைக் காட்டும் விருப்பத்தோடும் செயல்முறைப் பெயரைக் காட்டும் விருப்பத்தோடும் ரூட்டாக ஓட்டுங்கள். நெட்வொர்க் மேனேஜர், வைஃபையைக் கவனிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், டிஎச்சிபி கருவிகள் ஆகியவை பட்டியலில் வரலாம். அவற்றுக்குத் தேவை உண்டு. அறிமுகம் இல்லாத பெயர் வந்தால் அதன் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தச் சேவை அதைத் தொடங்குகிறது என்று பின்தொடருங்கள். இடைமுகம் எல்லாப் பாக்கெட்டையும் வாங்கும் 'ப்ராமிஸ்குவஸ்' நிலைக்குப் போனதா என்பதைக் கெர்னல் பதிவிலும் காணலாம். ஐபி லிங்க் கட்டளையின் சாதாரண வெளியீட்டில் அது தெரியாமல் போகக்கூடும். டி விருப்பத்தோடு ஓட்டி 'ப்ராமிஸ்குவிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள், சுழியாக இருக்க வேண்டும்.

இனிமேல் யார் முயன்றாலும் தெரிய வேண்டும் என்றால், நிரல்கள் கெர்னலை அழைப்பதைப் பதிவு செய்யும் ஆடிட்டி சேவையில் சாக்கெட் அழைப்பின் முதல் மதிப்பு 17 ஆக வரும்போது பதிவு செய் என்று ஒரு விதி எழுதலாம். பாக்கெட் சாக்கெட் குடும்பத்தின் எண் அது.

அறிகுறி: எல்லாம் அடைத்தாயிற்று, பழைய பாஸ்வேர்டு இன்னும் வெளியே உலவுகிறது

பிடிக்கத்தான் சிறப்புரிமை வேண்டும்; பிடித்து வைத்த கோப்பைப் படிக்க அது வேண்டாம். ரூட்டாக ஓட்டிப் பிடித்த கோப்பு, வழக்கமான 022 யூமாஸ்க்கில் (புதிய கோப்புகளுக்கு எந்த அனுமதிகள் கூடாது என்று சொல்லும் எண்) 644 அனுமதியோடு உருவாகி, எல்லோரும் படிக்கும்படி கிடக்கக்கூடும். ஆலையில் அப்படியொரு பிகேப் கோப்பு, அச்சுப்பொறியின் ஸ்கேன்கள் வந்து விழும் பொதுக் கோப்புறையில், எடைச் சீட்டு ஸ்கேன்களுக்கு நடுவே இருந்தது. உபுண்டு 21.04 பதிப்புக்கு முன் உருவான வீட்டுக் கோப்புறைகள் 755 அனுமதி கொண்டவை என்பதால், ஒருவர் தம் வீட்டுக் கோப்புறையில் வைத்ததும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

பிகேப், பிகேப்என்ஜி என்று முடியும் கோப்புகளை மொத்த வட்டிலும் தேடுங்கள். தேவையற்றதை அழியுங்கள், தேவையானதை 600 ஆக்கி, உரியவரின் பெயருக்கு மாற்றுங்கள். இனிமேல் பிடிக்கும் முன் யூமாஸ்க்கை 077 என்று வைக்கும் வழக்கத்தை ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். பென் டிரைவில் எடுத்துப் போகும் கோப்புக்கு இதெல்லாம் செல்லாது. எஃப்ஏடி வடிவ வட்டில் உரிமையாளரும் அனுமதியும் பதிவாவதே இல்லை.

ஆய்வகங்களுக்கு இங்கேயே ஒரு நல்ல மாற்றுவழி இருக்கிறது. வலையமைப்புப் பாடத்தின் செய்முறைக்கு மாணவர்கள் பாக்கெட்டைப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு உயிருள்ள பாக்கெட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆசிரியர் ஒருவர் தம் கணினியில் முன்கூட்டியே பிடித்து, தனிப்பட்ட தகவல் இல்லாத ஒரு கோப்பைக் கொடுத்தால், மூன்றுமுறைக் கைகுலுக்கலையும் டிஎன்எஸ் கேள்வியையும் மாணவர்கள் சாதாரணக் கணக்கிலேயே வயர்ஷார்க்கில் திறந்து படிக்கலாம். தருமபுரி ஆய்வகம் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

அறிகுறி: அடைத்தபின், அனுமதி உள்ளவருக்கே இடைமுகம் தெரியவில்லை

குழுவில் சேர்த்தபின் அவர் மீண்டும் லாகின் செய்தாரா என்று கேளுங்கள். பத்தில் எட்டு முறை இதுதான். அடுத்து, டம்ப்கேப்பைக் காப்புப் பிரதியிலிருந்து நகலெடுத்து வைத்தார்களா என்று பாருங்கள். சாதாரண நகலில் சிறப்புரிமை வராது. கோப்பு இருக்கும் பகிர்வு 'நோசூட்' விருப்பத்தோடு ஏற்றப்பட்டிருந்தால் கெர்னல் சிறப்புரிமையைக் கண்டுகொள்ளாது.

விண்டோஸ், மேக் கணினிகளும் கலந்திருந்தால்

விண்டோஸில் பாக்கெட் பிடிக்க உதவும் இயக்கியான என்பிகேப்பை நிறுவும்போது, இயக்கியை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று வரையறுக்கும் ஒரு பெட்டி வரும். அதில் குறியிடாவிட்டால் சாதாரணப் பயனரும் பிடிக்கலாம். குறியிட்டு மறுபடி நிறுவுங்கள். அதற்கு முன்னோடியான, 2013-இல் கடைசிப் பதிப்பு வந்த வின்பிகேப் இன்னும் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். மேக்கில் பாக்கெட் பிடிப்பது பிபிஎஃப் சாதனக் கோப்புகள் வழியாக. அவை இயல்பில் ரூட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வயர்ஷார்க்கோடு வரும் சிஎச்மோட் பிபிஎஃப் என்ற துணை, ஒவ்வொரு தொடக்கத்திலும் அவற்றை ஒரு தனிக் குழுவுக்குத் திறந்துவிடுகிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோருக்கும் படிக்கும் அனுமதி தரும் சொந்த ஸ்கிரிப்ட் எதுவும் தொடக்கத்தில் ஓடவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

பாஸ்வேர்டை எப்போது மாற்றுவது?

ஆலையில் என்னை அழைப்பதற்கு முன்பே எடைமேடை ஊழியர் இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். இரண்டு முறையும் புதியது, அதே திறந்த வழியாக, அதே எச்டிடிபி பக்கத்தில்தான் போயிற்று. ஆகவே முதலில் டம்ப்கேப்பை அடைத்தோம். கணினியை மறுதொடக்கம் செய்தோம். சோதனைக் கணக்கிலிருந்து பிடிக்க முடியவில்லை என்று பார்த்தோம். பொதுக் கோப்புறையிலிருந்த பிகேப் கோப்பை எடுத்தோம். கணக்கு மென்பொருளுக்கு ஆலையின் உள்வலையில் எச்டிடிபிஎஸ் போட்டோம். அதன்பின்தான் மூன்றாவது முறையாகப் பாஸ்வேர்டு மாறியது. சோதனைக்கென்று உருவாக்கிய கணக்கை அன்று மாலையே நீக்கிவிட்டேன். நீங்களும் மறக்காமல் நீக்குங்கள்.